அட்லாண்டிக் சாசனமும் யால்டாவும்: ரூஸ்வெல்ட் விட்டுச்சென்ற இராஜதந்திர மரபு

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் பிளசென்ஷியா விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஓர் ஆராதனை நடைபெற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் மகனின் கரத்தைப் பற்றிக்கொண்டு, இரும்புக் கவசம் பூட்டிய கால்களால் தளத்தின் நீளம் முழுவதையும் நடந்து வந்து தமக்கிட்ட ஆசனத்தில் அமர்ந்தார். அவருக்கு அருகே பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். இரு நாட்டுக் கடற்படையினரும் இடைகலந்து நின்று ஒரே பாமாலைப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடினர். பாடல்களைத் தெரிந்தெடுத்தவர் சர்ச்சில். யோசுவாவின் முதலாம் அதிகாரத்தை வாசித்தவர் கப்பலின் தலைவர் ஜான் லீச். நான்கு மாதங்கள் கழித்து, டிசம்பர் 10-ஆம் நாள், மலேயாவின் கிழக்குக் கடலில் ஜப்பானிய விமானங்கள் அக்கப்பலை மூழ்கடித்தன. அவ்வாராதனையில் பாடியவர் பலர் அன்று மாண்டனர், லீச்சும் திரும்பவில்லை.

அந்த விரிகுடாவில் பிறந்ததே அட்லாண்டிக் சாசனம். ஆகஸ்டு 14 அன்று வெளியிடப்பட்ட அவ்வறிக்கையில் எட்டுக் கூறுகள் இருந்தன. நாடு பிடிக்கும் நோக்கமில்லை. மக்களின் விருப்பத்திற்கு மாறாக எல்லைகள் மாற்றப்படா. எல்லா மக்களும் தாங்கள் எவ்வகை ஆட்சியின்கீழ் வாழ்வது என்பதைத் தாங்களே தெரிந்தெடுக்கும் உரிமை மதிக்கப்படும். அச்சமும் வறுமையும் நீங்கிய வாழ்வு எங்கும் அமையவேண்டும் என்பன போன்றவை அவை. இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருவரும் முறைப்படி கையொப்பமிட்ட மூலப்பிரதி என ஒன்று இச்சாசனத்திற்குக் கிடையாது. 1944 டிசம்பரில் செய்தியாளர் கேட்டபோது ரூஸ்வெல்ட்டே இதனை ஒப்புக்கொண்டார். கம்பியில்லாத் தந்தி வழியே அனுப்பப்பட்ட வாசகமே அது. பெட்டியில் பூட்டிவைக்க ஏதுமில்லை.

போர்க்காலத் தலைவர் ஒருவர் உலகிற்கு விட்டுச்சென்றது என்ன என்று ஆராய்வோர், பெரும்பாலும் அவர் செய்த உடன்படிக்கைகளையும் அமைத்த நிறுவனங்களையுமே எண்ணுவர். ரூஸ்வெல்ட்டைப் பொறுத்தமட்டில் இவ்வழி நம்மைப் பாதி தூரமே கொண்டுசெல்லும். அவர் மிகுந்த எச்சரிக்கையோடும் பேரத்தோடும் கட்டிய ஏற்பாடுகள் அவர் மறைந்து ஈராண்டு முடிவதற்குள் சரிந்துவிட்டன. அத்தனை எச்சரிக்கையின்றி அவர் வெளியிட்ட சொற்களோ, அவர் எண்ணிப்பாராத மனிதரின் கைகளில் சேர்ந்து நீண்ட காலம் வேலை செய்தன. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

வில்சனின் நிழல்

ரூஸ்வெல்ட்டின் இராஜதந்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் அவருக்கு முந்திய உட்ரோ வில்சனை நினைவிற்கொள்ள வேண்டும். வில்சன் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரின் மகன். முதல் உலகப் போரின் முடிவில் சர்வதேச சங்கத்தை உருவாக்கப் பெரும்பாடு பட்டவர். ஆனால் அவர் தம் நாட்டு மேலவையை அரவணைத்துச் செல்லத் தவறினார். 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் அமெரிக்க மேலவை வெர்சேய்ல்ஸ் உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. சங்கத்தைத் தோற்றுவித்த நாடே சங்கத்திற்கு வெளியே நின்றது. அந்நாட்களில் ரூஸ்வெல்ட் கடற்படைத் துறையில் துணைச் செயலர். 1920-இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுச் சர்வதேச சங்கத்திற்காக ஊரூராகப் பேசித் தோற்றவர். மறு ஆண்டே இளம்பிள்ளைவாதம் அவரது கால்களைப் பறித்தது.

அத்தோல்வியிலிருந்து அவர் இரண்டு பாடங்களைக் கற்றதாகக் கொள்ளலாம். எதிர்க்கட்சியைக் கூட்டிச் சேர்க்காமல் உலக அமைப்பெதையும் அமெரிக்காவில் நிலைநிறுத்த இயலாது என்பது ஒன்று. வலிமையற்ற நாடுகளின் மன்றம் சமாதானத்தைக் காக்காது. வலிமை உள்ளவர்களே காக்கவேண்டும் என்பது மற்றொன்று. முதற்பாடம் நல்ல பலன் தந்தது. சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக் குழுவில் குடியரசுக் கட்சியின் வாண்டன்பர்க்கையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1945 ஜூலை 28 அன்று மேலவை ஐக்கிய நாடுகள் சாசனத்தை 89-க்கு 2 என்னும் வாக்குகளால் ஏற்றது. இரண்டாம் பாடந்தான் சிக்கலானது. 1942-இல் வாஷிங்டன் வந்த சோவியத் அமைச்சர் மாலட்டோவிடமும், 1943 இறுதியில் டெஹ்ரானில் ஸ்டாலினிடமும் அவர் விவரித்த திட்டம் ‘நான்கு காவலர்’ திட்டம் எனப்படும். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் நாடு, சீனா ஆகிய நான்கும் ஆயுதம் தாங்கி உலகைக் காக்கும். ஏனையோர் ஆயுதமின்றி இருப்பர். இன்று பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடமும் வீட்டோ உரிமையும் பெற்றுள்ள ஐந்து நாடுகளின் நிலை இத்திட்டத்தின் வழிவந்ததே. பிரான்ஸ் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. சீனாவைப் பெருநாடாகக் கருதவேண்டும் என்னும் ரூஸ்வெல்ட்டின் பிடிவாதத்தைச் சர்ச்சில் ஏளனமாகவே நோக்கினார். அச்சீன இடத்தைத் தைவானிலிருந்த அரசு 1971 வரை வகித்ததும், அவ்வாண்டு அது பீக்கிங் அரசுக்குச் சென்றதும் ரூஸ்வெல்ட் கனவிலும் கண்டிராதவை.

அவரது சமய உணர்வைப் பற்றியும் ஒரு சொல். ஹைட் பார்க் ஊரிலுள்ள எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் இறுதிவரை மூத்த வார்டனாக இருந்த அவர், இறையியல் நுட்பங்களில் நாட்டமுடையவரல்லர். எனினும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. அட்லாண்டிக் சாசனத்தில் சமய சுதந்திரம் பற்றிய குறிப்பு விடுபட்டிருந்தது. அமெரிக்கத் திருச்சபையார் பலர் இதனைச் சுட்டிக்காட்டினர். 1942 ஜனவரி முதல் நாள் 26 நாடுகள் வெளியிட்ட ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் அச்சொல்லைச் சேர்த்தே ஆகவேண்டும் என ரூஸ்வெல்ட் வற்புறுத்தினார். சோவியத் தூதர் லித்வினோவ் தயங்கினார். சமய சுதந்திரம் என்பது சமயமே வேண்டாம் என்னும் சுதந்திரத்தையும் உட்கொண்டதே என்று அவரிடம் எடுத்துரைத்து, மாஸ்கோவின் இசைவைப் பெற்றார் ரூஸ்வெல்ட். ஒரு சொல்லை எல்லாரும் ஏற்கும்படி விரித்துவிடும் இத்திறமையே அவரது பலம். அதே திறமை யால்டாவில் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்தியா என்னும் சோதனை

‘எல்லா மக்களும்’ என்று சாசனம் கூறியது. எல்லாருமா? 1941 செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் காமன்ஸ் சபையில் எழுந்து விடை பகர்ந்தார். சாசனத்தை வரைந்தபோது தாங்கள் மனத்திற்கொண்டது நாஜி நுகத்தின்கீழ் இருக்கும் ஐரோப்பிய நாடுகளையே என்றும், பிரிட்டிஷ் முடிக்குட்பட்ட இந்தியா, பர்மா முதலியவற்றின் அரசியல் வளர்ச்சி தனியானதோர் பிரச்சினை என்றும் அவர் விளக்கினார். பர்மியப் பிரதமர் ஊ சா அவ்வாண்டு இலண்டனுக்குச் சென்று சாசனம் தம் நாட்டிற்கும் உரியதா என வினவி, வெறுங்கையோடு திரும்பினார். வழியில் ஜப்பானியரோடு தொடர்பு கொண்டார் என்று பிரிட்டிஷார் அவரைச் சிறைப்படுத்தினர். ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 23 அன்று வானொலியில் பேசுகையில், சாசனம் அட்லாண்டிக் கரையிலுள்ள நாடுகளுக்கு மட்டுமன்று, உலகம் முழுமைக்கும் உரியது என்று அறிவித்தார். இருவர் சேர்ந்து எழுதிய ஒரு வாசகத்திற்கு இரு வேறு உரைகள் உண்டாயின.

எந்த உரை மெய்யென்பது அவ்வாண்டு ஏப்ரலில் சோதிக்கப்பட்டது. கிரிப்ஸ் தூதுக்குழு தில்லியில் காங்கிரஸ் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தது. ரூஸ்வெல்ட்டின் தனிப்பட்ட பிரதிநிதியாக வந்திருந்த லூயிஸ் ஜான்சன் உடன்பாடு காண முயன்றார். பேச்சுவார்த்தை முறிந்ததும், அதனை முறியவிட வேண்டாம் என்று வேண்டி ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்குத் தந்தியடித்தார். சர்ச்சில் சினங்கொண்டார், இவ்விஷயத்திற்காகப் பதவி துறக்கவும் தயங்கமாட்டார் என்னும் குறிப்பு ரூஸ்வெல்ட்டை எட்டியது. அத்துடன் ரூஸ்வெல்ட் அமைதியானார். ஜூலை முதல் நாள் காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களின் பிரச்சினை தீராதவரை, நேச நாடுகள் சுதந்திரத்திற்காகப் போரிடுகின்றன என்னும் அறிவிப்பு உள்ளீடற்றதாகவே ஒலிக்கும் என்பது அதன் சாரம். ஆகஸ்டு 9 அன்று காந்தியடிகள் சிறையிலடைக்கப்பட்டார். அடுத்து வந்த பிரதிநிதி வில்லியம் பிலிப்ஸ் சிறையில் அவரைக் காண அனுமதி கேட்டார், வைசிராய் மறுத்தார். வாஷிங்டன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதுவோர் சர்ச்சிலின் அமைச்சரவையைக் குற்றஞ்சாட்டுவது முறையே. ஆனால் 1944-இல் ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல்கள் தந்துதவுமாறு, காலந்தாழ்ந்தேனும், சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். போர்த்தேவைகளைக் காரணங்காட்டி ரூஸ்வெல்ட் இயலாது என்றார். வறுமையினின்று விடுதலை என்பதை நான்கு சுதந்திரங்களுள் ஒன்றாக 1941 ஜனவரியில் அறிவித்தவர் அவரே. நார்மண்டிப் படையெடுப்பை முன்னிட்டுக் கப்பல்களுக்குக் கடும் பற்றாக்குறை இருந்தது என்பது உண்மை. அவ்வுண்மையையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கவேண்டும். ஆயினும் பசித்தவன் தட்டு அந்நிறையில் எவ்வளவு எளிதாக மேலெழுந்துவிட்டது என்பதும் உண்மையே.

ஏன் இப்படி? ரூஸ்வெல்ட் குடியேற்ற ஆதிக்கத்தை உளமார வெறுத்தார் என்பதில் ஐயமில்லை. இந்தோசீனாவைப் பிரான்சுக்குத் திரும்பக் கொடுக்கலாகாது என்று அவர் பலமுறை கூறியுள்ளார். ஆனால் அவரது கணக்கில் முதலில் போரை வெல்லவேண்டும். அதற்கு நண்பர்களின் ஒற்றுமை குலையக்கூடாது. ஒற்றுமையைக் குலைக்கும் வினாக்கள் யாவும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படும். ஒத்திவைத்தலே அவரது முறை. 1945 மார்ச்சில், இறுதியில் சுதந்திரம் தருவதாக வாக்களித்தால் பிரான்சே இந்தோசீனாவை நிர்வகிக்கட்டும் என்னும் அளவிற்கு அவர் இறங்கிவந்துவிட்டார். ஒத்திவைக்கப்பட்ட வினாக்களுக்கு விடை சொல்ல அவருக்கு நாளில்லாமற் போயிற்று.

யால்டா

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை கிரிமியாவின் லிவாடியா அரண்மனையில் மூவரும் கூடினர். யால்டா மாநாடு என்றதும் நம் மாணவர் பலர் உடனே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றனர்: நோயுற்ற ரூஸ்வெல்ட் கிழக்கு ஐரோப்பாவை ஸ்டாலினுக்கு விற்றுவிட்டார் என்று. 2005 மே மாதம் ரீகா நகரில் பேசிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்கூட யால்டாவை மியூனிக் உடன்பாட்டோடு ஒரே வரிசையில் வைத்தார். இத்தீர்ப்பை அப்படியே ஏற்க நம்மால் இயலவில்லை.

விற்பதற்கு முதலில் பொருள் கையில் இருக்கவேண்டும். மாநாடு கூடுமுன்பே செஞ்சேனை வார்சாவைக் கைப்பற்றிவிட்டது. போலந்து ஏறத்தாழ முழுவதும் அதன் பிடியில் இருந்தது. அங்கே ஒரு பட்டாளத்தைக்கூட அனுப்பும் நிலையில் மேற்கத்திய நாடுகள் இல்லை. ஜப்பானுக்கு எதிராகச் சோவியத் படை தேவை என்று அமெரிக்கத் தளபதிகள் வேண்டி நின்றனர். ஐரோப்பாவைப் பங்கிட்டதாக ரூஸ்வெல்ட்டைப் பழிப்போர், 1944 அக்டோபரில் மாஸ்கோவில் ருமேனியாவில் இத்தனை விழுக்காடு, கிரேக்கத்தில் இத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி ஸ்டாலினிடம் நீட்டியவர் சர்ச்சில் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ஆகவே குற்றம் அங்கில்லை, வேறிடத்தில் இருக்கிறது. போலந்தின் அரசு விரிவாக்கப்படும், தடையற்ற தேர்தல் நடைபெறும் என்று யால்டா அறிக்கை கூறியது. அவ்வாசகத்தைப் படித்த கடற்படைத் தளபதி லீஹி, இதனை மீறாமலேயே ரஷ்யர் தம் விருப்பம்போல் எவ்வளவு தூரமும் இழுத்துக்கொள்ளலாமே என்றார். ரூஸ்வெல்ட் மறுக்கவில்லை. தமக்கும் அது தெரியும் என்றும், இப்போதைக்குப் போலந்துக்குத் தம்மால் செய்யக்கூடியது இவ்வளவே என்றும் விடையளித்தார். தமக்கு முன் உள்ளதை இவ்வளவு தெளிவாகக் கண்ட மனிதர், மார்ச் முதல் நாள் அமெரிக்கப் பேரவையின்முன் என்ன பேசினார்? தனித்தனிக் கூட்டணிகளும் செல்வாக்கு மண்டலங்களும் வல்லமைச் சமநிலையும் கொண்ட பழைய முறைக்கு யால்டா ஒரு முடிவு கட்டவேண்டும் என்று பேசினார். அன்று அவர் நிற்க இயலாமல் அமர்ந்தவாறே பேசினார். தம் கால்களில் பூட்டிய இரும்பின் சுமையைப் பற்றி வெளிப்படையாகக் குறிப்பிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். உடலின் பலவீனத்தை அவ்வாறு திறந்து காட்டியவர் உடன்படிக்கையின் பலவீனத்தைத் திறந்து காட்டவில்லை. சீன அரசைக் கேளாமலே அதன் உரிமைகளைப் பற்றி ஸ்டாலினோடு செய்துகொண்ட தூரகிழக்கு இரகசிய ஏற்பாட்டையும் அவர் மக்களுக்குச் சொல்லவில்லை.

இதற்கொரு முன்கதையும் உண்டு. 1943-இல் டெஹ்ரானில், அமெரிக்காவில் 60 முதல் 70 இலட்சம் போலந்து வழியினர் இருப்பதாகவும், 1944 தேர்தலை முன்னிட்டுத் தாம் போலந்து எல்லை பற்றிய முடிவில் வெளிப்படையாகப் பங்குகொள்ள இயலாது என்றும் அவர் ஸ்டாலினிடம் தனியே தெரிவித்திருந்தார். ஸ்டாலின் புரிந்துகொண்டதாகச் சொன்னார். அவர் என்ன புரிந்துகொண்டிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம்.

திருச்சபையின் பார்வையில் இது சிறிய வினாவன்று. தம்மால் இயலாததைச் செய்யாத அரசனை நாம் கடிந்துகொள்ள முடியாது. இயலாது என்பதை அறிந்தும், இயன்றுவிட்டது என்று மக்களிடம் சொல்பவனையோ? ரூஸ்வெல்ட்டுக்காகப் பேசுவோர், மக்களின் நம்பிக்கையைக் குலைத்தால் 1920-இல் நேர்ந்ததே மீண்டும் நேரும், அமெரிக்கா உலகைவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் என அவர் அஞ்சினார் என்பர். அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அம்மறைப்பிற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு பலர். 1947 ஜனவரியில் போலந்தில் நடந்த தேர்தல் வெறும் வேஷமாக முடிந்தபோது, ஏமாற்றப்பட்டோம் என்னும் உணர்ச்சி அமெரிக்காவில் கொந்தளித்தது. யால்டா என்னும் ஊர்ப்பெயரே துரோகத்திற்கு மறுபெயராயிற்று. மக்கள் முன்னமே உண்மையைக் கேட்டிருந்தால் அக்கொந்தளிப்பு இத்தனை கசப்பாக இருந்திராது என்பது நமது துணிபு.

1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் மரித்தார். பதின்மூன்று நாட்கள் கழித்துச் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் மாநாடு தொடங்கியது. எந்நாட்டின்பொருட்டுப் போர் மூண்டதோ அந்தப் போலந்துக்கு அம்மாநாட்டில் இடமில்லை; அதன் அரசு எது என்பதில் வல்லரசுகள் உடன்படவில்லை. ஜூன் 26 அன்று 50 நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்டபோது போலந்துக்காக ஓரிடம் வெறுமையாக விடப்பட்டது. அக்டோபரில் அது நிரப்பப்பட்டது. காவலர் நால்வரின் ஒற்றுமையோ 1947-இல் ட்ரூமன் கொள்கை அறிவிக்கப்பட்டபோதே போயிற்று. 1948-இல் பெர்லின் முற்றுகை, 1949 ஏப்ரலில் வட அட்லாண்டிக் ஒப்பந்தம் எனக் காலம் வேறு திசையில் நடந்தது.

திருச்சபைகளும் சான்பிரான்சிஸ்கோவும்

இவ்விடத்தில் நம் வாசகருக்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு 1940 டிசம்பரிலேயே, நீதியும் நிலைபேறும் உடைய சமாதானத்தின் அடிப்படைகளை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் தலைவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். பின்னாளில் பனிப்போரின் கடுமையான முகமாக விளங்கிய அதே டல்லஸ்தான். 1944-இல் டம்பார்ட்டன் ஓக்ஸில் வல்லரசுகள் வரைந்த திட்டம் வெளிவந்தபோது, அது காவலர் திட்டமாகவே இருக்கிறது, மனித உரிமைக்கும் அடிமைப்பட்ட மக்களின் விடுதலைக்கும் அதில் போதிய இடமில்லை என்று திருச்சபையார் கண்டனர். 1945 ஜனவரியில் கிளீவ்லாந்தில் கூடித் திருத்தங்களைப் பரிந்துரைத்தனர்.

சான்பிரான்சிஸ்கோவுக்கு அமெரிக்க அரசு 42 பொது அமைப்புகளை ஆலோசகராக அழைத்தது. திருச்சபைகளின் சார்பில் சென்றவர்களுள் ஃபிரடெரிக் நோல்டே என்பவர் பிலடெல்பியாவிலுள்ள லூத்தரன் இறையியல் கல்லூரியின் ஆசிரியர். நம்மைப் போல் வகுப்பறையில் பாடம் நடத்தியவர். மே 2-ஆம் நாள் அவரும் யூத அமைப்புகள், தொழிற்சங்கங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகளும் வெளியுறவுச் செயலர் ஸ்டெட்டினியஸைக் கண்டு, மனித உரிமைகளுக்கென ஓர் ஆணைக்குழுவைச் சாசனத்திலேயே குறிப்பிடவேண்டும் என்று வற்புறுத்தினர். சாசனத்தின் 68-ஆம் விதியில் அது இடம்பெற்றது. அவ்வாணைக்குழுவுக்கு ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினோர் தலைமை தாங்கினார். 1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் 48 வாக்குகளுடன், எதிர்வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறியது. எட்டு நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. சமய சுதந்திரம் பற்றிய அதன் 18-ஆம் விதியில் நோல்டேயின் உழைப்பும் உண்டு. அப்பிரகடனத்தின் முதல் விதி ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லோடு தொடங்கவிருந்ததை ‘மனிதர் யாவரும்’ என மாற்றச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

அம்மாநாட்டில் தமிழகத்திற்கு அறிமுகமான ஒருவரும் இருந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவரும் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவருமான ஆற்காடு இராமசாமி முதலியார் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்துச் சென்றார். 1946 ஜனவரியில் இலண்டனில் கூடிய பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராகவும் அவரே தெரிந்தெடுக்கப்பட்டார். பெருமைக்குரியதே. ஆனால் அக்குழு அந்நிய அரசு நியமித்த குழு. சான்பிரான்சிஸ்கோவின் தெருக்களிலும் மண்டபங்களிலும் விஜயலட்சுமி பண்டிட், இவர்கள் இந்தியாவின் பிரதிநிதிகளல்லர் என்று பேசிக்கொண்டிருந்தார். ‘எல்லா மக்களும்’ என்னும் சொல்லுக்கு இரு உரைகள் இருந்ததன் விளைவாக, ஒரே நாட்டிற்கு அங்கே இரு குரல்கள் இருந்தன.

சொல்லைப் பற்றிக்கொண்டவர்கள்

சாசனத்தைச் சர்ச்சில் சுருக்கினார், ரூஸ்வெல்ட் ஒத்திவைத்தார். வேறு சிலரோ அதனை எழுத்துப்படி எடுத்துக்கொண்டனர். நைஜீரியாவின் அசிக்கிவே 1943-இல் சாசனத்தை அடிப்படையாகக் கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் உரிமைகளைக் கோரும் விண்ணப்பத்தை வரைந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்த ஹோ சி மின், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களோடு தம் உரையைத் தொடங்கினார்; பின்பு அட்லாண்டிக் சாசனத்தை நினைவூட்டி ட்ரூமனுக்குக் கடிதங்கள் எழுதினார். விடை வரவில்லை. அவ்விடையின்மைக்குப் பின் நிகழ்ந்தவற்றை உலகம் அறியும்.

இவ்வனைவரினும் நம் கவனத்திற்கு மிகவும் உரியவர்கள் தென்னாப்பிரிக்கர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் டாக்டர் சூமா ஒரு குழுவை அமைத்தார். அதற்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் இசட். கே. மேத்யூஸ், பின்னாளில் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் வருகைப் பேராசிரியராகவும், ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் ஊழியராகவும் பணியாற்றியவர். அக்குழு அட்லாண்டிக் சாசனத்தின் எட்டுக் கூறுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆப்பிரிக்கனுக்கு இதன் பொருள் யாது என்று விளக்கி எழுதியது. அத்துடன் ஓர் உரிமைப் பட்டியலையும் இணைத்தது. திருமறைப் பகுதியை வசனம் வசனமாக விளக்கும் முறையில் பழகியோர்க்கு அந்நூலின் அமைப்பு வியப்பளிக்காது. 1943 டிசம்பரில் புளூம்ஃபான்டைனில் கூடிய காங்கிரஸ் மாநாடு அதனை ஏற்றது. இளைஞராயிருந்த நெல்சன் மண்டேலாவின் தலைமுறைக்கு அது வழிகாட்டியாயிற்று.

சூமா அதனைப் பிரதமர் ஸ்மட்ஸுக்கு அனுப்பிப் பேச நேரம் கேட்டார். ஸ்மட்ஸ் சந்திக்க மறுத்தார். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையில் மனித உரிமையைப் பற்றிய சொற்களை முதலில் வரைந்து தந்தவர் இதே ஸ்மட்ஸ்தான்.

1946-இல் அவரது அரசு, நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர் நிலம் வாங்கிக் குடியிருக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 1860-இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தோரும், அவர்களைத் தொடர்ந்து சென்ற பிற தமிழரின் பிள்ளைகளும் அச்சட்டத்தால் பாதிக்கப்பட்டோருள் அடங்குவர். இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகளின் முதற்பொதுச்சபையில் எழுப்பியது. இம்முறை பேசியவர், ஓராண்டுக்கு முன் சான்பிரான்சிஸ்கோவில் வெளியே நின்ற விஜயலட்சுமி பண்டிட். நேருவின் இடைக்கால அரசு அவரைக் குழுத்தலைவராக அனுப்பியிருந்தது. இது தம் நாட்டின் உள்விவகாரம் என்று ஸ்மட்ஸ் வாதாடினார். டிசம்பர் 8 அன்று சபை வாக்களித்தது. இந்தியாவுக்குச் சார்பாக 32, எதிராக 15. ஏழு நாடுகள் வாக்களிக்கவில்லை. எதிர்த்தவற்றுள் அமெரிக்காவும் பிரிட்டனும் இருந்தன.

அந்நாட்களில் சூமாவும் நியூயார்க்கில் இருந்தார். அங்கே ஸ்மட்ஸை நேரில் கண்டபோது, தம் பிரதமரைச் சந்திப்பதற்குத் தாம் பதினாயிரம் மைல் பறந்து வரவேண்டியதாயிற்று என்றும், அவர் எங்களைப் பற்றிப் பேசுகிறாரேயன்றி எங்களோடு பேசுவதில்லை என்றும் சூமா கூறினார்.